உட்கார ஓர் இடம்

"கும்பகோணம் உங்க ஊர்தானே, வரையறதுக்கு எங்கெல்லாம் போகலாம்?" என்று சென்னையில் என்னோடு ஸ்கெட்ச் நோட்டும் கையுமாகச் சுற்றும் நண்பர்கள் கேட்பார்கள். கோயில் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். அதைக் கூகுள் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் திருப்பிக் கேட்பது வேறு: எந்த மாசம் வர்றீங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உட்கார முடியும்? நின்றுகொண்டே புகைப்படம் எடுத்துவிடலாம். நின்றுகொண்டே சாரங்கபாணி கோபுரத்தை வரைய முடியாது. அதற்குப் பதினோரு நிலை. ஆறாவது நிலைக்குள் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். ஆகவே எனக்குத் தெரிந்த கும்பகோண வழிகாட்டி என்பது உட்காரும் இடங்களின் வழிகாட்டிதான்.

முதலில் மாசம். ஆற்றங்கரை ஊரை வரைய வருகிறவர்கள் ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். காவிரிக்கு ஒரு கால அட்டவணை உண்டு. வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள், ஜனவரி 28ஆம் தேதி மூடுவார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, அங்கே பிரிந்து, எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொடச் சில நாள் ஆகும். பங்குனியிலும் சித்திரையிலும் வந்தால் நீங்கள் பார்ப்பது மணல், நாணல், நடுவில் ஸ்டம்பு நட்டு விளையாடும் பையன்கள். ஏமாற வேண்டாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் வறண்ட காவிரிதான் வரையப் பிடிக்கும். தண்ணீர் இருக்கும்போது கரையிலிருந்துதான் ஊரைப் பார்க்க முடியும். மணல் காலத்தில் ஆற்றுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து படித்துறையை நேருக்கு நேர் பார்க்கலாம். மற்ற நாளில் முழுகிக் கிடக்கும் கடைசிப் படிகள், அவற்றின் பாசிக் கோடு, அடியில் அரித்துப்போன செங்கல், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

புதுத்தண்ணீர் வரும் நாள் கையில் கிடைத்தால் விடக்கூடாது. அது நீல நிறமாக இருக்காது. எத்தனை பேர் காவிரிக்கு நீலம் அடித்திருக்கிறார்கள்! யெல்லோ ஓக்கரில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, அவ்வளவுதான். முன்னால் நுரையும் சருகும் பிளாஸ்டிக் பையும் வரும். பிளாஸ்டிக் பையையும் வரையுங்கள்.

ஊரின் பழைய பகுதி காவிரியின் தென்கரையில், தெற்கே ஓடும் அரசலாற்றுக்கும் இதற்கும் நடுவில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்துப் படித்துறைகள் வடக்குப் பார்த்தவை. இது சாதாரணத் தகவல் மாதிரி தெரியும். வரைகிறவனுக்கு இதுதான் பொக்கிஷம். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி ஆரம்பம் வரைக்கும் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து படியில் நேராக அடிக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடுகிறது. படித்துறைக்குப் பின்னால் இருக்கும் கட்டடங்களின் நிழல் படியின் மேல் விழுந்தே கிடக்கும். பத்து மணிக்குக்கூட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம், காகிதத்தின் வெள்ளை கண்ணைக் குத்தாது. தண்ணீரும் இருக்கும். மார்கழி, தை முதல் பாதி. என்னைக் கேட்டால் அதுதான் சீசன்.

படித்துறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, டபீர் படித்துறை. டபீர் என்பது மராட்டியர் ஆட்சியில் இருந்த ஒரு பதவியின் பெயர். அந்தப் பதவி போய், அந்த ராஜ்ஜியம் போய், பெயர் மட்டும் குளிக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிகளை வரையும்போது எண்ணாதீர்கள் என்று வரைகலைப் பாடங்களில் சொல்வார்கள். நான் எண்ணுவேன். பொறியியல் முதலாம் ஆண்டில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவனுக்கு அந்த வியாதி போகாது. ஐசோமெட்ரிக்கில் ஒரு படிக்கட்டு வரையச் சொன்னால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் படித்துறையில் எந்தப் படியும் இன்னொன்றுக்கு இணையாக இல்லை. நடுவில் தேய்ந்து, ஓரத்தில் தூக்கி, ஒரு கல் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும். துணி துவைத்துத் துவைத்து வழவழப்பான கல் எது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அங்கே உட்கார்ந்தால் யாராவது வந்து கேட்பார்கள்.

"என்ன தம்பி அளக்குறீங்க? கார்ப்பரேஷனா?"

"இல்லம்மா, சும்மா படம்."

"இடிக்கப் போறாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான்."

"சும்மாவா?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் பார்க்கும் இரக்கம் இருந்தது. கும்பகோணம் 2021இல் மாநகராட்சி ஆனதிலிருந்து இந்தக் கேள்வி அதிகம். கையில் நோட்டுடன் ஒருவன் ஒரு கட்டடத்தை உற்றுப் பார்த்தால் அதற்கு ஏதோ ஆகப் போகிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் கறாராக இருக்கலாம். படித்துறை என்பது குளியலறையும்கூட. பெண்கள் குளிக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காரவே கூடாது. நீங்கள் அரச மரத்தைத்தான் வரைகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. காரியம் செய்ய வருகிறவர்கள் விஷயமும் அப்படித்தான். பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த குடும்பம் ஒன்று எனக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தபோது, நான் நோட்டை மூடுவதைப் பார்த்து அவர்களோடு இருந்த புரோகிதரே சொன்னார்: "போட்டுக்கோங்க தம்பி, ஆத்தப் போடுங்க, பந்தலப் போடுங்க. முகத்த மட்டும் போடாதீங்க. அவங்க வந்திருக்கிற காரியம் அப்படி." அதற்குப் பிறகு அதுதான் என் விதி. என் நோட்டுகளில் படித்துறை மனிதர்கள் எல்லாரும் முதுகு.

நான் நோட்டையே திறக்காத இடம் ஒன்றும் உண்டு. பாலக்கரையில் இருக்கும் நினைவிடம். 2004 ஜூலை 16 பள்ளிக்கூடத் தீயில் போன 94 குழந்தைகளுக்கானது. அப்போது நான் பத்தாம் வகுப்பு. அன்றைக்குக் காலையில் தெருவில் ஓடியவர்களின் செருப்புச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். அங்கே போவேன், கொஞ்ச நேரம் இருப்பேன், வந்துவிடுவேன். வெளியூர் நண்பர்களை அழைத்துப்போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பையை மூடியே வையுங்கள் என்று.

கோபுரத்துக்கு வருவோம். சாரங்கபாணி ராஜகோபுரம் கிழக்குப் பார்த்தது. காலையில் சன்னதித் தெருவில் உட்கார்ந்தால் வெயில் உங்கள் முதுகில், கோபுரம் முழுக்க வெளிச்சத்தில். சுற்றுலா அட்டைகளில் இருப்பது இந்தக் கோணம்தான். எல்லாம் தெரியும், அதனாலேயே ஒன்றும் நிற்காது. நூற்றுக்கணக்கான சுதை உருவங்களும் ஒரே சத்தமாகக் கத்தும். சாயங்காலம் அதே இடத்துக்கு வாருங்கள். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும்போது உருவங்கள் எல்லாம் இருட்டில் கரைந்து, வடிவம் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் தெரியும், கோபுரத்தின் விளிம்பு நேர்கோடு இல்லை, மேலே போகப் போக லேசாக உள்ளே வளைகிறது, நிலைகளும் உயரத்தில் குறைந்துகொண்டே போகின்றன. அளவுகோல் வைத்து முக்கோணமாகப் போட்டவர்களின் கோபுரம் கூடாரம் மாதிரி இருப்பது அதனால்தான்.

இந்த விகிதத்தைப் பிடிக்க நான் ஒரு தந்திரத்தைச் சுவாமிமலையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாளக் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மடிப்புகளே சொல்லிவிடும். மெழுகு உருவத்தின் மேல் பூசுவதும் இதே காவிரியின் வண்டல் மண்தான். நான் ஓலைக்குப் பதில் பஸ் டிக்கெட்டைப் பயன்படுத்துகிறேன். கையை நீட்டி, கோபுரத்தின் கல் அடித்தளத்தின் உயரத்தை டிக்கெட்டில் குறித்து, மேலே எத்தனை டிக்கெட் என்று மடித்துப் பார்ப்பேன். ஆபீஸில் இரண்டு மானிட்டர் வைத்துக்கொண்டு பிக்சல் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதில் கிடைக்கும் சந்தோஷத்தை விளக்குவது கஷ்டம். டேப்லெட்டில் வரையலாமே என்பார்கள். வெயிலில் அந்தத் திரையில் என் முகம்தான் தெரிகிறது. தவிர, கண்ட்ரோல் இசட் இருக்கும் இடத்தில் நான் உற்றுப் பார்க்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

உருவங்களை ஒவ்வொன்றாக வரைந்துதான் தீருவேன் என்கிறவர்களுக்கு முன்னோடி இருக்கிறார். சில்பி. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, ஒரு நகையின் மணியைக்கூட விடாமல் வரைந்தவர். அவரைப் பார்த்து வரையக் கற்றுக்கொள்ள முயன்றால் கை நடுங்கும். பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஏற்ற இடம் நாகேஸ்வரன் கோயில். கருவறையின் வெளிச்சுவரில் ஆரம்பகாலச் சோழர் சிற்பங்கள், ஆள் உருவங்கள், சுவரைவிட்டு ஏறக்குறைய முழுசாக வெளியே வந்து நிற்கின்றன. இவர்கள் யார் என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடவுளின் முகம் இல்லை அது. யாரோ ஒரு பெண், எதையோ கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நிற்கிறாள். பென்சிலே போதும். கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் போகலாம் என்று நினைக்காதீர்கள், நடை சாத்திவிடுவார்கள்.

மகாமகக் குளம் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். கோவிந்த தீட்சிதர் கட்டியவை என்று சொல்லப்படும் 16 மண்டபங்கள், நாலு பக்கமும் படி. காலையில் கீழ்க்கரை, மாலையில் மேல்கரை, வெயில் முதுகில். எப்படி வரைந்தாலும் படம் அமைந்துவிடும், அதுதான் எனக்கு அதில் சலிப்பு. அடுத்த மகாமகம் 2028இல். அதற்குள் வண்ணம் பூசி, தூர்வாரி, எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள் என்பதால், இப்போதைய நிறத்தில் ஒன்று வேண்டும் என்றால் சீக்கிரம் வாருங்கள்.

இப்போது திண்ணை. இந்த ஊரில் நான் உண்மையில் வரைய விரும்புவது அதைத்தான், நான் உட்கார விரும்புவதும் அங்கேதான். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜனின் வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். வாசலில் திண்ணை இருக்கிறது. அங்கே சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் படித்த அரசு கலைக் கல்லூரி, 1854இல் தொடங்கியது, காவிரிக் கரையில்தான் இருக்கிறது. அந்த வீட்டு வாசலிலிருந்து தலையைத் திருப்பினால் கோபுரம். வெளியூர்க்காரர்கள் உள்ளே போய்ப் படம் எடுக்கும்போது நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அந்தத் திண்ணையின் உயரத்தை வரைவேன்.

உயரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கும்பகோணத்தில் திண்ணைகள் குள்ளமாகிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். தெரு உயர உயர வீடு இறங்குகிறது. எங்கள் சந்திலேயே ஒரு திண்ணையை 2014இல் வரைந்திருக்கிறேன், அதன் விளிம்பு பக்கத்தில் நிற்கும் ஆளின் இடுப்பு வரை வருகிறது. சென்ற வருஷம் அதே இடத்தில் வரைந்ததில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஆள் வளர்ந்துவிடவில்லை. நான் அஞ்சாவது படிக்கும்போது அந்தச் சந்தில் 14 திண்ணை. இப்போது மூன்று. மற்றவை பைக் ஏற்றும் சாய்தளமாகவும் கம்பிக் கதவாகவும் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடையாகவும் ஆகிவிட்டன.

இதைச் சொன்னால் உடனே திண்ணையைப் புகழ்ந்து பாட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த பண்பாடு, இத்யாதி. எங்கள் தாத்தா பெரிய கடைத் தெருப் பாத்திரக் கடை ஒன்றில் சுமை தூக்கியவர். அண்டாவையும் குடத்தையும் தலையில் வைத்துக்கொண்டு பெரிய தெருக்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். அந்தத் திண்ணைகளில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பாட்டி சொல்வாள்: "திண்ணையில அண்டா உக்காரும், உங்க தாத்தா நிப்பாரு." யார் எந்தத் திண்ணையில் உட்காரலாம், யார் படியில், யார் தெருவில் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் எழுதி ஒட்டவில்லை. இன்று அதே தெருவில் நான் நோட்டோடு போய் நின்றால், "உக்காருங்க சார், ஃபேன் போடவா?" என்கிறார்கள். தோளில் தொங்கும் பையும் கையிலிருக்கும் பேனாவும் சம்பாதித்துக் கொடுத்த மரியாதை அது. உட்காருகிறேன். உட்கார்ந்து வரையும்போது தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதாக வரைந்துவிடுவேன், சில சமயம். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். நேரில் பார்ப்பதை மட்டுமே வரைய வேண்டும் என்பது 2007இல் சியாட்டிலில் கேப்ரியல் கேம்பனாரியோ தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கத்தின் அடிப்படை விதி. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

அதனால்தான் ஓவியர் இளையராஜாவின் படங்கள் எனக்குச் சிக்கலாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் பிறந்து, இங்கேயே கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். 2021இல் கொரோனாவில் போய்விட்டார். வாசற்படியிலும் முற்றத்திலும் ஜன்னலோரத்திலும் பெண்கள், அவர்கள் மேல் சரிந்து விழும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்காகவே ஓட்டு வீடுகளை இடிக்கக் கூடாது என்று தோன்றும். ஆனால் அதே வீட்டில் மழைக்காலத்தில் எட்டு இடத்தில் பாத்திரம் வைத்து வளர்ந்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

எங்கள் வீடும் அந்த மூன்றில் ஒன்று. தாத்தா கடைசிக் காலத்தில் வாங்கியது. ஒரு பக்கம் மட்டும் திண்ணை, இரண்டு மரத்தூண், மேலே நாட்டு ஓடு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரிக்கிறார்கள். இடத்தைக் கொடுத்தால் மூன்று மாடி கட்டி ஆளுக்கு ஒரு தளம் தருவதாக ஒருவர் பேசியிருக்கிறார். தை பிறந்ததும் இடிப்பார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு ராத்திரி முழுக்கப் பேசினேன். திண்ணையையாவது முன்னால் விட்டுக் கட்டலாம், வரைபடம் நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"உனக்கென்னடா," என்றார் அப்பா. "உழவன் எக்ஸ்பிரஸ்ல வந்து விடிகாலைல இறங்குவ. ரெண்டு நாள் படம் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி கிளம்பிடுவ. ஓடு மாத்துறது நானு. இந்த வயசுல ஏணியில ஏறுறது நானு. நீ உள்ளூர்க்காரனா?"

பதில் இல்லை. நண்பர்கள் என்னை உள்ளூர்க்காரன் என்று நம்பித்தான் வழி கேட்கிறார்கள்.

மறுநாள் காலையில் அவரே வந்து, "இடிக்கிறதுக்கு முன்னாடி வீட்ட ஒருதரம் போட்டுடு. பெரிசா. மாட்டணும்" என்றார். கூடவே கட்டளைகள்: ஈபி மீட்டர் பெட்டி வேண்டாம், கேபிள் ஒயர் வேண்டாம், கொடியில் காயும் துணி வேண்டவே வேண்டாம், ஓட்டில் போட்டிருக்கும் நீலத் தார்ப்பாய் தெரியக் கூடாது. எதிர்வீட்டுச் சாய்தளத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். கார்த்திகை மாசம், தூறல் விட்டு விட்டு அடித்தது. சித்திரையில் வண்ணம் தூரிகையிலிருந்து இறங்குவதற்குள் காய்ந்துவிடும், கார்த்திகையில் ஒரு பூச்சுக்கு அரை மணி நேரம். எல்லாவற்றையும் வரைந்தேன். மீட்டர் பெட்டி, ஒயர், தார்ப்பாய், அப்பாவின் வேட்டி.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹாலில் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ஒயரைப் பற்றியோ வேட்டியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எல்லாம் சரி. இந்த வலது பக்கத் தூண ஏன் சாச்சுப் போட்டிருக்க?"

"சாஞ்சுதான்ப்பா இருக்கு."

"நாப்பது வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு, படத்தையும் கையில் பிடித்தபடியே, வாசலுக்குப் போனார்.